லிஸ்ப் நிரல் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

லிஸ்ப் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியவர்களின் அருகில் உட்கார்ந்து பல ஆண்டுகளாகப் பிழை தேடியிருக்கிறேன். ஆள் மாறினாலும் பிழைகள் மாறுவதில்லை. பத்துப் பன்னிரண்டு வகைதான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவை ஆளைத் திணறடிப்பதற்குக் காரணம், பிழை கண்ணில் படும் இடம் ஒன்று, அது நுழைந்த இடம் வேறு. பிழைச் செய்தி காட்டும் வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மாலை முழுவதும் போய்விடும். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் எங்கே பின்னோக்கிப் போக வேண்டும் என்பதை எழுதியிருக்கிறேன். எளிய காரணம் முதலில், நேரம் தின்னும் காரணம் கடைசியில்.

இங்கே சொல்வது லிஸ்ப் வகைகளில் ஒன்றான காமன் லிஸ்புக்கு, அதிலும் எஸ்பிசிஎல் கம்பைலருக்கு. எடிட்டர் ஈமேக்ஸ், அதனுடன் அதை லிஸ்போடு இணைக்கும் ஸ்லைம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நீங்கள் வைக்கும் மாறி, ஃபங்ஷன் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், எஸ்பிசிஎல் அவற்றை ஏற்றுக்கொள்ளும்.

## எண்டர் தட்டியும் எதுவும் நடக்கவில்லை

அடுத்த கட்டளைக்குத் தயார் என்று லிஸ்ப் காட்டும் நட்சத்திரக் குறி (`*`) திரும்ப வராமல் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு `)` தட்டி எண்டர் கொடுங்கள். விடை வந்துவிட்டால் மூடும் அடைப்பு ஒன்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று நான்கு முறை தட்டியும் அசையவில்லையா? இரட்டை மேற்கோள் மூடாமல் இருக்கலாம். திறந்து கிடக்கும் சரத்துக்குள் நீங்கள் தட்டும் ஒவ்வொரு `)` குறியும் வெறும் எழுத்தாகத்தான் போய்ச் சேரும். ஒரு `"` தட்டிவிட்டு மறுபடி `)` தட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், `#|` என்று தொடங்கிய குறிப்பு `|#` என்று முடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் மூடியிருந்தும் கணினி விசிறி இரைகிறது என்றால் நிரல் முடிவில்லாச் சுழற்சியில் மாட்டியிருக்கிறது. கன்ட்ரோல்-சி அழுத்துங்கள், டீபக்கர் (பிழையை ஆராயும் இடம்) திறக்கும். அங்கே 'பேக்ட்ரேஸ்' என்று தட்டினால் எது எதை அழைத்தது என்ற வரிசை வரும், எந்த ஃபங்ஷனில் நின்றது என்று தெரியும். அதன் வெளியேறும் நிபந்தனையைப் பாருங்கள்.

## கோப்பை ஏற்றும்போது 'எண்ட் ஆஃப் ஃபைல்'

இதுவும் அடைப்புப் பிழைதான், ஆனால் கோப்புக்குள் ஒளிந்திருக்கிறது. கோப்பின் கடைசி வரியில் தேடாதீர்கள். கோப்பு முடிந்தும் அடைப்பு மூடவில்லை என்றுதான் செய்தி சொல்கிறது. மூடாத பகுதி எந்த வரியில் தொடங்கியது என்பதையும் அதே செய்தியில் எஸ்பிசிஎல் தருகிறது. அந்த வரிக்குப் போங்கள்.

```
(டெஃபன் மொத்தம் (எண்கள்)
  (ரெட்யூஸ் #'+ எண்கள்)

(டெஃபன் சராசரி (எண்கள்)
  (/ (மொத்தம் எண்கள்) (லெங்த் எண்கள்)))
```

கண்ணால் எண்ண வேண்டாம். கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து ஈமேக்ஸில் இண்டென்ட் செய்யுங்கள். இரண்டாவது டெஃபன் இடது ஓரத்தில் நிற்காமல் உள்ளே நகர்ந்துவிடும். எது முதலில் நகர்கிறதோ, அதற்கு முந்தைய ஃபங்ஷனில்தான் அடைப்பு குறைகிறது. அடைப்பு அதிகமாகிவிட்டால் இதன் மறுபக்கம் நடக்கும்: உள்ளே இருக்க வேண்டிய வரி இடது ஓரத்துக்கு வந்துவிடும். அடைப்புகளை எண்ணும் பழக்கத்தை விட்டு இண்டென்டைப் பார்க்கப் பழகியவருக்கு இந்தத் தொல்லை சில நாள்களிலேயே ஓய்ந்துவிடும்.

## நட்சத்திரத்துக்குப் பதிலாக `0]` வந்து நிற்கிறது

நீங்கள் டீபக்கருக்குள் இருக்கிறீர்கள். இது தெரியாமல் அதே கட்டளையை மறுபடி தட்டுகிறவர்களே அதிகம். ஒவ்வொரு முறையும் இன்னொரு பிழை அடுக்கில் ஏறும்: `0[2]`, `0[3]` என்று நீளும். பயப்பட ஒன்றுமில்லை, எதுவும் கெட்டுப்போகவில்லை.

வெளியே வர 'டாப்லெவல்' என்று தட்டுங்கள். இல்லையென்றால் மேலே எண்ணிட்டுக் காட்டியிருக்கும் வழிகளில் 'அபார்ட், டாப் லெவலுக்குத் திரும்பு' என்ற பொருளில் இருப்பதன் எண்ணைத் தட்டுங்கள். பெரும்பாலும் அது கடைசி எண். ஸ்லைமில் க்யூ என்ற ஒற்றை எழுத்து போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டீபக்கருக்குள் வெறும் எண்ணைத் தட்டினால் அது கணக்குக்கான எண் அல்ல, அந்த எண்ணுள்ள வழியைத் தேர்ந்தெடுக்கும் உத்தரவு.

வெளியேறும் முன் செய்தியின் முதல் வரியை வாசித்துவிடுங்கள். அடுக்கு ஏறிவிட்டிருந்தால் முதலில் வந்த செய்திதான் முக்கியம். பின்னால் வந்தவை பெரும்பாலும் நீங்கள் குழப்பத்தில் தட்டியவற்றுக்கு வந்தவை.

## 'மாறி அன்பவுண்ட்' என்கிறது

அந்தப் பெயருக்கு மதிப்பு எதுவும் இல்லை என்பதே பொருள். செய்தியில் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

பெயர் நீங்கள் வைத்ததே, எழுத்துப் பிழை. பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும்.

மாறியாக நினைக்காத பெயர் அது. மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கிறது. `(லிஸ்ட் ஆடு மாடு)` என்றால் ஆடு என்ற மாறியைத் தேடும்; `(லிஸ்ட் 'ஆடு 'மாடு)` என்றால் தேடாது.

அது ஒரு ஃபங்ஷனின் பெயர். `(மேப்கார் இரட்டிப்பு எண்கள்)` என்று எழுதியிருப்பீர்கள். ஃபங்ஷனை இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது `#'இரட்டிப்பு` என்று எழுத வேண்டும். காமன் லிஸ்பில் ஃபங்ஷன் பெயர்களும் மாறிப் பெயர்களும் தனித்தனிப் பதிவேட்டில் இருக்கின்றன. இதே காரணத்தால், மாறிக்குள் இருக்கும் ஃபங்ஷனை அழைக்க `(ஃபன்கால் செயல் 5)` என்று எழுத வேண்டும். `(செயல் 5)` என்றால் 'ஃபங்ஷன் அன்டிஃபைண்ட்' என்று வரும்.

லெட்டுக்குள் ஒன்றை வைத்து இன்னொன்று.

```
(லெட் ((நீளம் 5)
       (பரப்பு (* நீளம் நீளம்)))
  பரப்பு)
```

லெட் எல்லா மதிப்புகளையும் கணக்கிட்டு முடித்த பிறகுதான் பெயர்களோடு கட்டும். பரப்பைக் கணக்கிடும்போது நீளம் இன்னும் பிறக்கவில்லை. `லெட்*` என்று மாற்றுங்கள்.

பெயர் சரியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் பிழை. இணையத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ நிரலை நகலெடுத்தீர்களா? நேர் மேற்கோளுக்குப் பதிலாக வளைந்த மேற்கோள் ’ வந்திருக்கும். லிஸ்புக்கு அது மேற்கோளே அல்ல, சாதாரண எழுத்து. அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். தமிழ்ப் பெயர்களில் இதற்கு ஒரு தம்பி உண்டு. ஔ என்ற ஓர் எழுத்தும், ஒ, ள என்று அடுத்தடுத்துத் தட்டியதும் திரையில் ஒன்றுபோலத் தோன்றும், கணினிக்கு அவை வேறு வேறு. ‘ஸ்ரீ’ என்பதும் அப்படித்தான், இரண்டு விதமாகக் குறியேற்றப்படுகிறது. ஒரு பெயரை ஒருமுறை தட்டி, பிறகு நகலெடுத்தே பயன்படுத்துங்கள்.

## 'ஃபங்ஷன் அன்டிஃபைண்ட்' என்கிறது

எழுத்துப் பிழையைச் சரிபார்த்துவிட்டு, அந்த ஃபங்ஷனை உண்மையிலேயே கணினிக்குக் கொடுத்தீர்களா என்று யோசியுங்கள். எடிட்டரில் எழுதியது தானாக லிஸ்புக்குப் போகாது. ஸ்லைமில் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-கே தட்டினால் கோப்பு முழுவதும் கம்பைலாகி ஏறும்.

ஏற்றியும் வரவில்லை என்றால் செய்தியில் பெயருக்கு முன்னால், இரட்டை முக்காற்புள்ளிகளுக்கு இடப்பக்கம், எந்தப் பேக்கேஜ் (பெயர்களைப் பிரித்து வைக்கும் தொகுப்பு) இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஒரு பேக்கேஜில் எழுதி இன்னொன்றில் நின்று அழைத்திருப்பீர்கள்.

இல்லாத ஃபங்ஷனின் பெயர் 'டிஃபைன்' என்றால், ஸ்கீம் மொழி உதாரணம் ஒன்றைக் காமன் லிஸ்பில் ஓட்டுகிறீர்கள். சதுர அடைப்புக்குள் அளபுருக்கள் இருந்தால் அது க்ளோஜர் என்ற இன்னொரு லிஸ்ப் வகை. அவற்றை ஒவ்வொரு சொல்லாக மாற்றி ஓட்ட முயலாதீர்கள், காமன் லிஸ்ப் உதாரணத்தையே தேடுங்கள். பழையதாக இருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம்: காமன் லிஸ்பின் அன்சி தரநிலை 1994இல் வந்தது, இன்றும் அதுவே நடப்பில் இருக்கிறது.

## 'இல்லீகல் ஃபங்ஷன் கால்'

திறந்த அடைப்புக்கு அடுத்து ஃபங்ஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. `(5 + 3)` என்று பள்ளிக் கணக்குபோல எழுதியிருக்கலாம். `(+ 5 3)` என்று மாற்றுங்கள். `(1 2 3)` என்று மேற்கோள் இல்லாமல் பட்டியல் எழுதியிருக்கலாம். அல்லது பாதுகாப்புக்கு என்று எண்ணி `((மொத்தம் எண்கள்))` என இரட்டை அடைப்புப் போட்டிருக்கலாம். மற்ற மொழிகளில் கூடுதல் அடைப்பு தீங்கில்லாதது. லிஸ்பில் ஒவ்வோர் அடைப்பும் ஓர் அழைப்பு.

## 'நில் என்பது எண் அல்ல'

நில் என்பது 'எதுவுமில்லை', 'பொய்', வெற்றுப் பட்டியல் மூன்றையும் குறிக்கும் லிஸ்ப் மதிப்பு. இந்த ஒன்றில்தான் அதிகப் பொழுது வீணாகிறது. கூட்டலோ ஒப்பீடோ செய்யும் வரியில் நிரல் விழும். அந்த வரியில் தவறே இருக்காது. நில் வேறெங்கோ பிறந்து, சத்தமில்லாமல் பல ஃபங்ஷன்களைக் கடந்து, எண் தேவைப்பட்ட முதல் இடத்தில் அகப்பட்டிருக்கிறது. வெற்றுப் பட்டியலுக்குக் கார் (முதல் உறுப்பு), குடர் (மீதிப் பட்டியல்) கேட்டால்கூட லிஸ்ப் பிழை சொல்லாது, நில்லையே திருப்பித் தரும். அதனால்தான் அது இவ்வளவு தூரம் பயணம் செய்கிறது.

செய்தியின் வாலில் 'எஸ்பி-கெர்னல்' என்று தொடங்கும் பெயர் இருந்தால் அது உங்களுடையது அல்ல. பேக்ட்ரேஸ் எடுத்து, மேலிருந்து கீழாக, நீங்கள் எழுதிய ஃபங்ஷன் பெயர் முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்குள் போன மதிப்புகளும் பக்கத்திலேயே இருக்கும். நில் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் அடுத்த வரிக்கு இறங்குங்கள். நில் உள்ளே போகாமல் உள்ளேயே உருவான ஃபங்ஷன்தான் குற்றவாளி. அங்கே பார்க்க வேண்டியவை:

- இஃப் இருக்கிறது, ஆனால் 'இல்லையென்றால்' பகுதி இல்லை. நிபந்தனை பொய்த்தால் கிடைப்பது நில்.
- காண்டில் எந்தக் கிளையும் பொருந்தவில்லை.
- கெட்ஹேஷ், ஃபைண்ட், அசாக் ஆகியவை தேடியது கிடைக்காமல் நில் தந்தன.
- ஃபங்ஷனின் கடைசி வரி ஃபார்மட் டி. ஃபங்ஷன் தருவது கடைசி வரியின் மதிப்பைத்தான். ஃபார்மட் டி அச்சிட்டுவிட்டு நில் தரும். சோதனைக்காக அச்சிடும் வரியைக் கடைசியில் சேர்த்து, நன்றாக ஓடிய நிரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர்.
- லூப்பில் கலெக்ட், சம் போன்ற எதுவும் இல்லை.

பேக்ட்ரேஸ் குழப்பினால் `(ட்ரேஸ் மொத்தம் சராசரி)` என்று போட்டு மறுபடி ஓட்டுங்கள். எது எந்த மதிப்போடு அழைக்கப்பட்டது, எதைத் திருப்பித் தந்தது என்று வரி வரியாக வரும். நில் முதன்முதலாகத் தலைகாட்டும் வரியைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்த மாதிரி.

நில்லுக்குப் பதிலாக ஒரு சரம் எண் அல்ல என்று வந்தால் ரீட்-லைன் மூலம் பயனரிடம் எண் வாங்கியிருக்கிறீர்கள். அது தருவது சரம். பார்ஸ்-இன்டிஜர் வழியாக அனுப்புங்கள்.

## பிழையே இல்லை, விடைதான் தவறு

சரங்கள் ஒன்றாக இருந்தும் 'இல்லை' என்கிறது. ஈக்யூவோ ஈக்யூஎல்லோ பயன்படுத்தியிருக்கிறீர்கள். அவை இரண்டும் ஒரே பொருளா என்று பார்ப்பவை, எழுத்துகளை ஒப்பிடுபவை அல்ல. சரங்களுக்கும் பட்டியல்களுக்கும் ஈக்வல். இதில் ஒளிந்திருக்கும் கண்ணி: மெம்பர், அசாக், ஃபைண்ட், ஹேஷ் டேபிள் எல்லாம் நீங்கள் சொல்லாவிட்டால் ஈக்யூஎல்லையே எடுத்துக்கொள்ளும். `:டெஸ்ட் #'ஈக்வல்` என்று சேர்க்க வேண்டும். ஹேஷ் டேபிளில் இதை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கேஸுக்கு இந்த வசதி கிடையாது. சரங்களைப் பிரிக்கக் காண்டைத்தான் நாட வேண்டும்.

சார்ட் செய்தபின் பட்டியலில் பாதி காணவில்லை. இதைக் கிட்டத்தில் பாருங்கள்.

```
(டெஃப்பாராமீட்டர் *எண்கள்* (லிஸ்ட் 3 1 2))
(சார்ட் *எண்கள்* #'<)     → (1 2 3)
*எண்கள்*                  → (3)
```

சார்ட் புதுப் பட்டியல் கட்டுவதில்லை, பழைய கண்ணிகளையே கழற்றி மாட்டுகிறது. மாறி இன்னும் 3 இருந்த கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது இப்போது சங்கிலியின் வால். விடையைத் திரும்ப மாறியில் வையுங்கள்: `(செட்எஃப் *எண்கள்* (சார்ட் *எண்கள்* #'<))`. பழைய வரிசையும் வேண்டும் என்றால் சார்ட்டுக்குக் காப்பி-லிஸ்ட் செய்து கொடுங்கள். டிலீட், என்ரிவர்ஸ் இரண்டும் இதே குணம் கொண்டவை. ரிமூவ் இதற்கு எதிர்: அது மூலத்தைத் தொடாது, அதனால் விடையைப் பிடித்து வைக்காவிட்டால் 'நீக்கினேன், நீங்கவில்லை' என்று தோன்றும்.

முதல் முறை சரி, இரண்டாம் முறை தவறு. ஃபங்ஷனுக்குள் `'(1 2 3)` என்று மேற்கோளிட்ட பட்டியலை மாற்றுகிறீர்கள். அது நிரலின் உடம்பிலேயே பொதிந்த பட்டியல், மாற்றம் அடுத்த அழைப்பிலும் தங்கிவிடலாம். `(லிஸ்ட் 1 2 3)` என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுங்கள்.

வகுத்தால் 1/3 என்று வருகிறது. இது பிழை அல்ல, பின்னம் துல்லியமாகக் காக்கப்படுகிறது. தசமம் வேண்டுமென்றால் `(/ 1.0 3)`, வருவது 0.33333334. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் எண்ணை இரட்டைத் துல்லிய வடிவில் எழுதுங்கள். ஒற்றைத் துல்லியத்தில் 16777217.0 என்ற எண்ணே நிற்காது, 16777216 ஆகிவிடும். பணக் கணக்குக்கு முழு எண்ணோ பின்னமோதான் ஏற்றது.

## கோப்பைத் திருத்தியும் பழைய விடையே வருகிறது

ஏற்ற மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். ஏற்றியாயிற்று, மாற்றியது ஒரு மாறியின் தொடக்க மதிப்பு என்றால், அதை டெஃப்வாரில் எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே மதிப்பு இருக்கும் மாறியை டெஃப்வார் தொடாது. டெஃப்பாராமீட்டர் ஒவ்வொரு முறையும் புது மதிப்பை வைக்கும். கற்கும் காலத்தில் டெஃப்பாராமீட்டரையே பயன்படுத்தச் சொல்வேன்.

மாற்றியது ஒரு மேக்ரோ (கம்பைலாகும்போது வேறு நிரலாக விரியும் வரையறை) என்றால், அதைப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அவற்றுக்குள் பழைய விரிவு அப்படியே இருக்கிறது. பெயர் மாற்றிய ஃபங்ஷனின் பழைய உருவமும் நினைவகத்தில் உயிரோடுதான் இருக்கும். விட்டுப்போன அழைப்புகள் அதைத் தொட்டு ஓடிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் லிஸ்பை மூடித் திறந்து கோப்பை ஏற்றுங்கள். இரண்டு நிமிட வேலை, பல மணி நேரக் குழப்பம் தீரும்.

## அச்சிடச் சொன்னது திரையில் வரவில்லை

ஃபார்மட்டின் முதல் அளபுருவைப் பாருங்கள். நில் என்றால் சரமாகத் திருப்பித் தரும், டி என்றால்தான் திரைக்குப் போகும். டி இருந்தும், கேள்வி வரும் முன்பே நிரல் பதிலுக்குக் காத்து நிற்கிறது என்றால் ஃபார்மட்டுக்கு அடுத்து `(ஃபினிஷ்-அவுட்புட்)` சேருங்கள்.

## பேக்கேஜ் தொல்லைகள்

'க்யூஎல் என்ற பேக்கேஜ் இல்லை' என்றால் நூலகங்களை இறக்கித் தரும் குயிக்லிஸ்ப் இந்த முறை ஏறவில்லை. அதன் செட்டப் கோப்பை ஒருமுறை கையால் ஏற்றி, `(க்யூஎல்:ஆட்-டு-இனிட்-ஃபைல்)` ஓட்டுங்கள். இனி லிஸ்ப் தொடங்கும்போதெல்லாம் தானாக ஏறும்.

நூலகத்தை ஏற்றும் வரியும் அதைப் பயன்படுத்தும் வரியும் ஒரே அடைப்புக்குள் இருந்தாலும் 'பேக்கேஜ் இல்லை' என்றே வரும். லிஸ்ப் முழு அடைப்பையும் வாசித்த பிறகுதான் இயக்கத் தொடங்குகிறது. வாசிக்கும் நேரத்தில் நூலகம் இன்னும் வரவில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

'காமன்-லிஸ்ப் பேக்கேஜின் பூட்டு மீறப்பட்டது' என்றால் உங்கள் ஃபங்ஷனுக்கு லிஸ்ட், ரிமூவ் போன்ற மொழியின் சொந்தப் பெயரை வைத்துவிட்டீர்கள். பூட்டைத் திறக்கும் வழி பட்டியலில் இருந்தாலும் தேர்ந்தெடுக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள்.

வெளி மொழி நூலகம், அதாவது சி-யில் எழுதியது, ஏற மறுத்தால் அது லிஸ்ப் கற்பவரின் வேலை அல்ல. கணினி நிர்வாகம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## 'கன்ட்ரோல் ஸ்டாக் எக்ஸாஸ்டட்'

தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன் நிற்கவில்லை. நிற்கும் நிபந்தனை இருக்கிறதா, ஒவ்வோர் அழைப்பிலும் அதை நெருங்குகிறதா என்று பாருங்கள். எண் 0 ஆனால் நிறுத்து என்று எழுதியிருந்து, யாராவது -1 கொடுத்தால் 0 வரவே வராது. பட்டியலைக் குடர் செய்யாமல் முழுதாகவே மறுபடி அனுப்பினாலும் இதே கதி. சிறிய பட்டியலில் சரியாக ஓடி, லட்சக்கணக்கான உறுப்புகளில் மட்டும் விழுந்தால் லூப்பாக மாற்றி எழுதுங்கள். இன்னும் முடியாத அழைப்புகளை வைத்திருக்கும் ஸ்டாக்குக்கு எஸ்பிசிஎல் இயல்பாக ஒதுக்குவது 2 எம்பிதான். அதைக் கூட்டும் வசதி இருந்தாலும், நிபந்தனையைச் சரிபார்க்கும் முன் கூட்டுவது பிழையைத் தள்ளிப்போடுவதுதான்.

'ஹீப் எக்ஸாஸ்டட்' (நினைவகம் தீர்ந்தது) என்று வந்து எல்டிபி என்ற அடிமட்ட டீபக்கரில் விழுந்தால் அந்த அமர்வு முடிந்தது. மூடித் திறங்கள். சிறிய தரவில் ஓட்டிப் பார்த்தும் விழுந்தால், அனுபவமுள்ளவரைக் கேட்கும் நேரம் வந்துவிட்டது.

## கேட்கப் போகிறீர்களா?

ஓர் அறிகுறியோடு அரை மணி நேரம் போராடியும் நகரவில்லை என்றால் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மேக்ரோ விரிவுக்குள் பிழை என்றால் அதற்கும் முன்பே கேளுங்கள். போகும்போது முதலில் வந்த செய்தியை முழுதாக நகலெடுத்து எடுத்துச் செல்லுங்கள். 'ஏதோ நில் என்று வந்தது' என்றால் யாராலும் உதவ முடியாது. புதிதாகத் திறந்த லிஸ்பில் பிழையைத் திரும்ப வரவைக்கும் மிகச் சிறிய நிரல், பேக்ட்ரேஸின் முதல் பத்து வரிகள், `(லிஸ்ப்-இம்ப்ளிமென்டேஷன்-வெர்ஷன்)` தரும் விடை ஆகியவற்றையும் சேருங்கள். அந்தச் சிறிய நிரலைத் தயார் செய்ய, தொடர்பில்லாத வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். எந்த வரியை நீக்கியதும் பிழை மறைகிறதோ, அந்த வரியைத் திரும்பப் போட்டு அங்கிருந்து தேடுங்கள்.